வசந்தத்திற்கு வாசலைத் திருத்துதல்

ஆண்டிற்கொருமுறை வீட்டை ஒழித்துத் தூய்மை செய்யும் நாள் யாது என்று தமிழரை வினவினால் போகி என்பர். தில்லிவாசியை வினவினால் தீபாவளிக்கு முந்திய நாட்கள் என்பர். ஈரானியர் நவ்ரோஸ் எனும் தம் புத்தாண்டிற்கு முந்திய வாரங்களைச் சுட்டுவர். அவ்வேலைக்கு அவர் மொழியில் ‘வீட்டை உலுக்குதல்’ என்றே பெயர். ஆங்கிலேயரும் குளிர் நீங்கிய வசந்தத்தையே அதற்குரிய காலமாகக் கொண்டனர். இவ்வேறுபாட்டிற்குப் பண்டிகைகளைக் காட்டிலும் வானமே பெருங்காரணம் என்பது நம் கருத்து. தமிழகத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, மார்கழிப் பனியும் கழிந்து, கதிர் வீடு வந்து சேரும் நேரத்தில் ஈரம் உலர்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். தில்லியிலோ ஆனியில் தொடங்கும் மழை புரட்டாசியில் விடைபெற்றுவிடுகிறது. ஆதலின் தீபாவளிக்கே சுவர் உலர்ந்து நிற்கும். ஈரானிலும் இங்கிலாந்திலும் குளிர்காலம் முழுதும் கதவடைத்துக் கணப்பு மூட்டிய வீட்டில் கரி படிந்திருக்கும். வெயில் வந்த பின்னரே விரிப்புகளை வெளியே எடுத்து உதற இயலும்.

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இம்மூன்று வகைக்கும் ஆட்பட்டவை. ஊர் வழக்கப்படி தீபாவளி, நாட்டு வழக்கப்படி போகி, இவற்றோடு மாசி பிறந்ததும் ரஜாய்களை வெயிலிலிட்டுப் பெட்டியில் அடுக்கி, வாசற்புறத்துப் புல்தரையைத் திருத்தும் வேலையும் நமக்கு வாய்த்தது. முதலிரண்டைப் பற்றி மலர்தோறும் கட்டுரைகள் வந்துள்ளன. மூன்றாவதற்கும் ஒரு வரலாறு உண்டு; அது நாம் நினைப்பதைக் காட்டிலும் நீண்டது.

தில்லியின் வசந்தம் குறுகியது. தை அமாவாசைக்குப் பின்வரும் ஐந்தாம் நாளாகிய வசந்த பஞ்சமியன்று அது தொடங்குவதாகக் கணக்கு. அந்நாளில் நிஜாமுதீன் தர்காவில் மஞ்சளாடை உடுத்து, கடுகுப் பூ ஏந்திப் பாடுவர். உறவினன் ஒருவனை இழந்து துயருற்றிருந்த நிஜாமுதீன் அவுலியாவை மகிழ்விக்க அமீர் குஸ்ரூ அவ்வாறு மலர் கொணர்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. குருவும் சீடரும் 1325-ஆம் ஆண்டிலேயே மறைந்தவர்கள் என்பதால் வழக்கின் பழமை விளங்கும். நம்மவர் பலருக்கும் வியப்பளிப்பது இன்னொன்று: இங்கே வசந்தம் இலையுதிர் காலமும் ஆகும். முள்ளிலவு இலையின்றிச் சிவந்து பூத்து நிற்கும். அரசும் வேம்பும் மாசி, பங்குனியில் சருகைக் கொட்டிக்கொண்டே தளிர் விடும். காலையில் பெருக்கிய வாசல் மாலையில் சருகு மெத்தையாகிவிடும்.

தில்லிக்குத் தோட்டம் புதிதன்று. 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக் இந்நகரைச் சுற்றி 1,200 தோட்டங்கள் அமைத்தார் என்று அக்காலத்தை எழுதிய ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் குறிக்கிறார். பானிபத்தில் 1526-இல் வென்ற பாபர், இந்நாட்டு வீடுகளிலும் தோட்டங்களிலும் ஓடும் நீர் இல்லையே என்று தம் நினைவுக் குறிப்புகளில் குறைபட்டார். குறைபட்டதோடு நில்லாமல் ஆக்ராவில் யமுனைக் கரையில் தோட்டமும் போட்டார். நாற்பகுதியாக வகுத்து, நடுவே வாய்க்கால் ஓட்டி, பழமரமும் பூச்செடியும் நடுவது அவர் கொணர்ந்த முறை. அத்தோட்டத்தில் நீரும் நிழலும் மணமுமே செல்வம். கத்தரித்த புல்லை வெறுமனே விரித்து வைத்து அழகு பார்த்தல் அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர் பேரர் அக்பர் நவ்ரோஸை அரசவை விழாவாக்கினார். வசந்தம் பிறக்கும் அந்நாட்களில் அரண்மனை மண்டபங்கள் அலங்கரிக்கப்பட்டன. ஔரங்கசீப் அவ்விழாவை நிறுத்தினார்.

புல்தரை என்பது வேறு வழியில் வந்தது. என்றும் தூறலும் மிதக் குளிரும் உள்ள இங்கிலாந்தில் புல் தானே வளரும். செல்வர் வீட்டுமுன் அதை அரிவாள் கொண்டும் ஆடு மேய்த்தும் கட்டையாக வைத்திருந்தனர். கூலிக்கு ஆள் வைக்க வல்லவர்க்கே அது இயன்றது. ஸ்ட்ரௌட் என்ற ஊர்ப்பக்கம் இருந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர், கம்பளி ஆலையில் துணியின் மேல்மயிரைச் சீவும் பொறியைக் கண்டு, அவ்வாறே புல்லையும் சீவலாமே என எண்ணி 1830-இல் புல்வெட்டும் பொறிக்கு உரிமை பெற்றார். அதன்பின் நடுத்தரக் குடும்பத்தாரும் வாசலில் ஒரு துண்டுப் பச்சை வைத்துக்கொள்ள முடிந்தது. நெசவாலையிலிருந்து தோட்டத்திற்கு வந்த அப்பொறி, கப்பலேறி இந்தியாவிற்கும் வந்தது. இங்கே பெரிய வெளிகளில் அதை மாடு பூட்டி இழுத்தனர்.

பொறி வந்ததே தவிர, புல் வரவில்லை. இங்கிலாந்தின் மென்புல் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்காது. வில்லியம் கேரி 1820-இல் கல்கத்தாவில் நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம், சென்னையில் 1835-இல் தோன்றிய அதன் இணை போன்றவற்றின் வழியே எத்தனையோ அயல்நாட்டுச் செடிகள் இந்நாட்டில் வேரூன்றின. புல்தரைக்கு மட்டும் உள்ளூர்ப் புல்லையே நாட வேண்டியதாயிற்று. வடநாட்டார் அதனை தூப் என்பர், வடமொழியில் தூர்வை, நமக்கு அறுகம்புல். சாணப் பிள்ளையார் தலையில் செருகுகிறோமே, அதே புல். மணமக்களை ஆலாய்த் தழைத்து அறுகாய் வேரோட வாழ்த்துகிறோமே, அந்த அறுகுதான் வைசிராய் மாளிகையின் பச்சைக் கம்பளம். ‘வெள்ளைக்காரன் புல்’ என்று இதை நம்மவர் சிலர் இன்றும் இகழ்வதுண்டு. பொறி அவனுடையது, புல் நம்முடையது என்று அவர்க்கு உரைக்கலாம்.

அறுகு தரையோடு தண்டோட்டிக் கணுதோறும் வேர்விடும். வெட்ட வெட்ட அடர்ந்து படரும். ஆனால் அது வெப்பத்தின் பிள்ளை. தில்லியின் மார்கழி, தை இரவுகளில் குளிர் நான்கைந்து பாகைக்கு இறங்கும்போது வெளிறி, வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும். இறந்தது போலத் தோன்றினும் தரைக்குள் தண்டு உயிரோடிருக்கும். மாசியில் அதை எழுப்பிவிடும் வேலையே வாசல் திருத்துதலின் உட்பொருள்.

கர்சன் பிரபு 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்தபோது தாஜ்மகாலைச் செப்பனிட்டதை யாவரும் அறிவர். அடர்ந்த மரங்களை அகற்றி ஆங்கில முறையில் புல்வெளி விரித்தவரும் அவரே. முகலாயர் நட்ட சோலை அன்று நாம் இன்று காண்பது. பின்னர் 1911 டிசம்பர் 12-இல் தில்லி தலைநகராகுமென்று அறிவிக்கப்பட்டது. ரைசினா, மால்சா முதலிய சிற்றூர்களின் நிலம் எடுக்கப்பட்டு, அவ்வுழவர் பெயர்ந்தனர். 1936-இல் லோதி மன்னர் கல்லறைகளைச் சுற்றிப் பூங்கா அமைத்தபோதும் அங்கிருந்த கைர்ப்பூர்ச் சிற்றூர் அப்புறப்படுத்தப்பட்டது. இன்று அங்கே விரிப்பிட்டு வசந்த வெயில் காயும் குடும்பங்கள் இதை நினைவிற்கொள்ளுதல் தகும்.

புது தில்லியின் மரங்களையும் தோட்டங்களையும் வளர்த்தவர் வில்லியம் ராபர்ட் மஸ்டோ என்ற தோட்டக்கலை அதிகாரி. லட்யன்ஸ் வரைந்த முகலாயத் தோட்டத்தில் 1928-29-இல் செடி நட்டவர் அவரே. முகலாய வாய்க்காலும் ஆங்கிலப் புல்தரையும் அங்கே ஒன்றாயின. ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்படும் அத்தோட்டத்திற்கு 2023 ஜனவரியில் அம்ருத் உத்யான் என்று பெயர் சூட்டப்பட்டது.

பெரிய அதிகாரிகளுக்குப் பல ஏக்கர்ப் பங்களா. குமாஸ்தாக்களுக்கோ கோல் மார்க்கெட்டைச் சுற்றிய சதுக்கங்கள்: நடுவில் பொதுப் புல்வெளி, நாற்புறமும் வரிசை வீடுகள். முதல் தலைமுறைத் தமிழர் பலர் தங்கியது அங்கேதான். ஆனால் அவர்களிற் பலர் வாசலைத் திருத்தியும் அதன் முழுப் பயனைக் கண்டாரல்லர். 1864 முதல் கோடைத் தலைநகராயிருந்த சிம்லாவிற்கு அரசாங்கம் வெயில் தொடங்கும்போது கோப்புகளோடு புறப்பட்டுவிடும். குமாஸ்தாவும் உடன் செல்ல வேண்டும். ஆகவே அவர்களுக்கு வசந்தத்தின் ஆயத்தம் டிரங்குப் பெட்டி கட்டுதலே. ரயில்வேக்காரராகிய நாம் ஒன்று சேர்ப்போம்: கால்காவிலிருந்து சிம்லா ஏறும் 96 கிலோமீட்டர் குறும்பாதை 1903 நவம்பரில் திறக்கப்படும்வரை அந்தப் பெட்டிகள் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் மலையேறின.

சுதந்திரத்திற்குப் பின் குடியிருப்புகள் தெற்கே விரிந்தன. வினய் நகர் என்று தொடங்கிப் பின் சரோஜினி நகர் ஆனது போன்ற காலனிகளில் முன்னே ஒரு துண்டுப் புல்தரை, பின்னே ஒரு முற்றம். இங்கேதான் நம் தாய்மார்கள் தம் கைவரிசையைக் காட்டினர். முன்புறத்தில் அரசாங்கம் அறுகு நட்டது; பின்புறத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் வாழையும் எழுந்தன. பனி தாக்கி வாழை கருகும். கறிவேப்பிலை மஞ்சளித்து மொட்டையாகும். ‘போயிற்று’ என்று கைவிட்ட செடி பங்குனியில் துளிர்த்ததும் அயல்வீட்டுப் பஞ்சாபி அம்மையாருக்கு ஒரு பிடி கொடுத்தனுப்பப்படும். 1965-இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் இல்லத்துப் புல்தரையையே உழுது பயிரிட்டார். நாட்டு மக்களையும் வீட்டுத் தோட்டம் போடச் சொன்னார். புல் அழகிற்கா, தரை சோற்றுக்கா என்ற வினாவிற்கு அதைவிடத் தெளிவான விடையை எந்த ஆட்சியாளரும் தந்ததாகத் தெரியவில்லை.

இனி வேலையைக் கூறுவோம். பூச்செடிகளுக்கு மாசியில் விழித்துக்கொள்பவர் தாமதித்தவராவர். பான்சி, ஃபிளாக்ஸ், டாலியா முதலியன மாசியில் பூக்க வேண்டுமாயின் நவராத்திரிக் கொலு இறக்கும் நாட்களிலேயே விதைத்திருக்க வேண்டும். அறுகிற்கு மாசிப் பிற்பகுதி ஏற்றது. புல்லைத் தரையொட்ட வெட்டி, மேலே படிந்த காய்ந்த மெத்தையைக் குர்ப்பியால் சுரண்டி எடுத்தல் வேண்டும். இங்கேதான் பலர் இரக்கங்காட்டிக் கெடுக்கின்றனர். கோரையைக் கிழங்கோடு தோண்ட வேண்டும். பின்பு மட்கிய சாணத்தைச் சலித்த மண்ணோடு கலந்து மெல்லியதாகத் தூவி, நீர் தெளிக்க வேண்டும். வழுக்கையான இடங்களில் அறுகின் தண்டுகளைச் சிறு துண்டுகளாக்கிச் சாணிடைக்கு ஒன்றாக ஊன்றினால் ஆனி மழைக்குள் மூடிவிடும். சருகைக் கொளுத்துதல் கூடாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தில்லியில் சருகு, குப்பை கொளுத்துவதைத் தடுத்து 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. மூலையில் குழி தோண்டிச் சருகைப் போட்டு நீர் விட்டுவந்தால் அடுத்த மாசிக்கு எருவாகும். காசு கொடுத்து வாங்கும் மூட்டையைவிட அது மேல்.

ஆனால் சருகு விழவும் எரு இடவும் மண் இருக்க வேண்டுமே! 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட 7 காலனிகளை இடித்துக் கட்ட ஒப்புதல் அளித்தது. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ 25,667 வீடுகள் எழும்புவதாகத் திட்டம். 2018-இல் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படவிருந்தபோது மக்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றனர். தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு வெட்டுதலை நிறுத்திவைத்தது. இடநெருக்கடியை நாம் மறுக்கவில்லை; குவார்ட்டர்ஸுக்குப் பெயர் எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வேதனை நம் துறையிலும் உண்டு. அடுக்கு மாடி வேண்டுவதே. எனினும் பத்தாம் மாடியில் வளரும் குழந்தைக்கு, செத்தது போல் கிடக்கும் புல் மாசியில் எழுவதை எங்கே காட்டுவது என்பதை வரைபடம் போடுவோர் சிந்தித்ததாகத் தெரியவில்லை. நம் காலனியிலேயே முற்பகுதிப் புல்தரையில் பாதிக்குச் சிமெண்டு பூசிக் கார் நிறுத்தமாக்கியுள்ளனர். மழை பெய்தால் முன்பு மண் குடித்த நீர் இப்போது முதல் வரிசை வீடுகளின் படியேறி நிற்கிறது.

எஞ்சிய துண்டை இவ்வாண்டு நாமே திருத்துவதெனச் சில குடும்பங்கள் சேர்ந்துள்ளோம். சங்கடஹர சதுர்த்திக்கு நம் மகளிர் அறுகு பறிப்பதும் அத்துண்டில்தான். மாசி இறுதியில் தண்டு ஊன்றியபின் மூன்று வாரம் யாரும் மிதிக்கலாகாது. ஆகவே அதுவரை கிரிக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வைத்துக்கொள்ளுமாறு சிறுவர்களைக் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக இசைந்துள்ளனர்.