ஆகாயத்துக் கடைமடை

‘முறை’ என்பது தமிழில் பொல்லாத சொல். அத்தை மகளை முறைப்பெண் என்கிறோம். அரசன் நீதி வழங்குவதை முறை செய்தல் என்கிறோம். அநியாயம் நடந்தால் முறையிடுகிறோம். கன்றை இழந்த பசு திருவாரூரில் மணியை அடித்ததும் இந்த முறைக்காகத்தான். ஆனால் எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் ஒருவன் நடு இரவில் எழுந்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, “இன்றைக்கு நம்ம முறை” என்று சொல்லிக் கிளம்பினால், அவன் பெண் பார்க்கவும் போகவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருகிற அந்தச் சில நாழிகை நேரம் அவனுடையது. அதை வாங்கிக்கொள்ளப் போகிறான்.

இது விசித்திரமான சொத்து. பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. நாளைக்கென்று எடுத்து வைக்க முடியாது. கண்ணயர்ந்தால் போயிற்று, பக்கத்து வயல் குடித்துவிடும். ஆனாலும் இந்தச் சொத்துக்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள், மண்டைகள் உடைந்திருக்கின்றன.

இப்படி நேரத்தையே சொத்தாக வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிற இன்னொரு கூட்டத்தாரும் உலகத்தில் உண்டு. அவர்கள் ஆகாய விமானக் கம்பெனிக்காரர்கள். கூட்டம் மிகுந்த விமான நிலையத்தில் இறங்குவதற்கும் கிளம்புவதற்கும் குறித்துக் கொடுக்கும் நேரத்துக்கு ‘ஸ்லாட்’ என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் அதை முறை என்றே சொல்லலாம். ஒரு குறையும் வராது.

மும்பாயை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே ஓடுபாதைகள் இரண்டு. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆகவே ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் உபயோகிக்கலாம். அந்த ஒரு பாதையில் நெருக்கடியான வேளைகளில் மணிக்கு 46 விமானங்கள் வரை ஏறி இறங்கியிருக்கின்றன. கணக்குப் போட்டால் 78 வினாடிக்கு ஒன்று! 2018 டிசம்பரில் ஒரே நாளில் 1,007 தடவை ஏற்றமும் இறக்கமும் நடந்தன. இப்படிப்பட்ட வாய்க்காலில் புதிதாக ஒருவன் வந்து, “எனக்கும் கொஞ்சம் மடை திறந்து விடுங்கள்” என்று கேட்டால் என்ன ஆகும்?

அப்படிக் கேட்ட ஒருவரின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அவர் காவிரிக்காரர் என்பது கதைக்குச் சுவை கூட்டுகிறது.

கர்நாடகத்தில் ஹாஸன் ஜில்லாவில் கொரூர் என்று ஒரு கிராமம். ஹேமாவதிக் கரையில் இருக்கிறது. ஹேமாவதி காவிரியின் உபநதி. அந்தக் கிராமத்தில் வளர்ந்தவர் ஜி. ஆர். கோபிநாத். ராணுவத்தில் காப்டனாக இருந்து விலகி ஊருக்குத் திரும்பினார். அவர்கள் குடும்பத்து நிலம் ஹேமாவதி அணையில் மூழ்கிப் போயிற்று. பதிலுக்குக் கிடைத்த வறண்ட நிலத்தில் இறங்கி விவசாயம் செய்தார். பிறகு ஹெலிகாப்டர் கம்பெனி. அதற்கும் பிறகு, 2003 ஆகஸ்டில், பெங்களூரிலிருந்து ஏர் டெக்கான் என்ற மலிவுக் கட்டண விமானக் கம்பெனி. சில டிக்கட்டுகளை ஒரு ரூபாய்க்குக்கூட விற்றுப் பத்திரிகைகளைத் திகைக்க வைத்தவர் இவர். 2020-இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ படம் இவருடைய வாழ்க்கையைத் தழுவியதுதான்.

மலிவுப் பிரயாணத்தின் அருமையை எங்கள் சீமைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜுலா’ கப்பலின் தட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே போனவர்கள் அவர்கள். பின்னால் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் நின்றது. 2008 டிசம்பரில் ஏர் ஏஷியா என்ற மலேசிய மலிவுக் கம்பெனி இந்தியாவில் முதன்முதலாக இறங்கிய ஊர் டில்லியும் அல்ல, மும்பாயும் அல்ல, நம் திருச்சிராப்பள்ளிதான். தட்டுப் பிரயாணிகளின் பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் டிக்கட்டை மலிவாக விற்க வேண்டுமானால் விமானம் தரையில் சும்மா நிற்கக் கூடாது. இறங்கி, ஆட்களை இறக்கி, ஏற்றி, அரை மணிக்குள் மறுபடி பறந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பறக்கிறதோ அத்தனைக்கு லாபம். ஆகையால் காலையிலும் மாலையிலும் நல்ல நேரம் கிடைப்பது மலிவுக் கம்பெனிக்கு உயிர்நாடி. ராத்திரி இரண்டு மணி முறையைக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதிர்முனையில் இருக்கும் சிற்றூரில் இரவில் இறங்க விளக்கு வசதிகூட இருக்காது.

கோபிநாத்தின் முதல் கம்பெனி கிங்ஃபிஷரோடு கலந்து, பெயர் மாறியது. அந்தக் கிங்ஃபிஷரும் 2012 அக்டோபரில் படுத்துவிட்டது. மனிதர் ஓயவில்லை. சிற்றூர்களுக்கு விமானம் விடுவதற்காக மத்திய சர்க்கார் ‘உடான்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஏர் டெக்கான் என்ற பழைய பெயரோடு மறுபடி வந்தார். ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு, குறிப்பிட்ட இடங்களுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் ஏற்பாடு. மும்பாயிலிருந்து வாழைக்குப் பெயர்போன ஜல்காவ், திராட்சைக்குப் பெயர்போன நாசிக் ஆகிய ஊர்களுக்குப் பதினெட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். விமானம் தயார், ஊர்கள் தயார். மும்பாயில் நேரந்தான் கிடைக்கவில்லை! தொடக்கம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் 2017 டிசம்பர் 23-ஆம் தேதிதான் முதல் விமானம் கிளம்பியது.

மும்பாய் நிலையத்தார் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பதினெட்டுப் பேரைச் சுமக்கும் விமானமும் ஓடுபாதையில் ஒரு முறையைத்தான் எடுத்துக் கொள்கிறது. நூற்றெண்பது பேரைச் சுமக்கும் விமானமும் ஒரு முறையைத்தான் எடுத்துக் கொள்கிறது. அதோடு பெரிய விமானம் கிளப்பிவிட்டுப் போகிற காற்றுச் சுழலில் சின்ன விமானம் சிக்கிக் கொள்ளாமல் இருக்க, அதைச் சற்று அதிக தூரம் தள்ளியே வரவிட வேண்டும். மூன்று மா நிலத்துக்காரனுக்காகத் தலைமதகைத் திறப்பதா என்று மிராசுதார் கேட்கிற கேள்விதான் இது.

சரி, பெரியவர்களுக்கு இந்த முறை எப்படி வந்தது? வந்த வரிசையில் வந்தது. அமெரிக்காவில் 1968-இல் நெரிசல் தாங்காமல் போய், நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களைச் சேர்ந்த ஐந்து நிலையங்களில் மணிக்கு இத்தனை விமானந்தான் என்று சர்க்கார் வரம்பு கட்டிற்று. அப்போது அங்கே பறந்துகொண்டிருந்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1986 முதல் அந்தப் பங்கை விற்கவும் வாங்கவும் அனுமதி கிடைத்தது. இனாமாக வந்தது விலைச் சொத்தாகிவிட்டது! மற்ற நாடுகளில் பொதுவாக நடக்கும் ஏற்பாடு வேறு: கொடுத்த நேரத்தில் நூற்றுக்கு எண்பது தடவையாவது பறந்திருந்தால், அடுத்த வருஷத்திலும் அதே நேரம் உனக்கே. வெள்ளைக்காரர்கள் இதைத் ‘தாத்தா உரிமை’ என்றே வேடிக்கையாகச் சொல்லுகிறார்கள். 2016-இல் லண்டன் ஹீத்ரோவில் ஒரு காலை நேரத்து வரவையும் புறப்பாட்டையும் கென்யா நாட்டுக் கம்பெனியிடமிருந்து ஓமான் கம்பெனி 75 மில்லியன் டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. 2020 மார்ச்சில் கொள்ளை நோய் பரவிப் பிரயாணிகள் நின்றபோது, ஐரோப்பாவில் சில கம்பெனிகள் ஆளில்லாத விமானங்களை ஓட்டின. எண்பது தடவைக் கணக்குக் கெட்டுவிடுமே என்ற பயம். பயிரில்லாத தரிசுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, “என் முறையை நான் விடவில்லை” என்று காட்டுகிற கதைதான்! சில நாட்களில் விதியையே நிறுத்தி வைத்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “பழம் பாத்தியக்காரர்கள் அநியாயக்காரர்கள், புதிதாக வந்தவனுக்கு வழி விடட்டும்” என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. ஆனால் தஞ்சாவூர்க்காரனாகிய எனக்கு இந்த இடத்தில் நாக்கு எழவில்லை. காரணம், காவிரியில் பழம் பாத்தியக்காரர்கள் யார்? நாங்கள்தான்!

கல்லணை கட்டிய காலத்திலிருந்து பாய்ச்சுகிறோம். சோழர்கள் ஊரைத் தானம் கொடுத்தபோது, வாய்க்கால் வெட்டிக்கொள்ளும் உரிமையையும், பிறர் அதில் ஏற்றமிட்டு இறைக்கக் கூடாது என்ற தடையையும் சாசனத்தில் சேர்த்தே வெட்டினார்கள். 1892-இல் மைசூருக்கும் சென்னைக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், ஏற்கெனவே அடைந்து நடைமுறையில் இருக்கிற அனுபவ பாத்தியத்தைக் காப்பாற்றவே சென்னை ஆட்சேபம் சொல்லலாம் என்று எழுதினார்கள். அது எங்கள் தாத்தா உரிமை. 1924-இல் இரண்டாவது ஒப்பந்தம். பின்னால் கர்நாடகம் ஹேமாவதியிலும் கபினியிலும் அணை கட்டியபோது எங்கள் வயிறு கலங்கியது. 1983-இல் தஞ்சை விவசாயிகளின் சங்கம் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டது. 1990-இல் நடுவர் மன்றம் வந்தது.

விதியின் வேடிக்கையைப் பாருங்கள். கோபிநாத்தின் குடும்ப நிலத்தை மூழ்கடித்ததும், எங்கள் குறுவைக்கு வரவேண்டிய தண்ணீரைத் தடுத்தது என்று நாங்கள் குறைப்படுவதும், ஒரே அணை! தண்ணீரில் மேல்மடைக்காரர்களாகிய அவர்கள் புதிதாகக் கேட்டார்கள். நாங்கள் பழசைக் காட்டினோம். ஆகாயத்தில் அந்த ஊர்க்காரர் புதிதாகக் கேட்கிறார். வேறு யாரோ பழசைக் காட்டுகிறார்கள். ஒரு நியாயத்தை நதிக்கும் இன்னொரு நியாயத்தை ஆகாயத்துக்கும் வைத்துக்கொள்ள முடியுமா?

ஒரே நியாயம் இரண்டுக்கும் பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழமைக்கு மதிப்பு ஏன் வருகிறது? அதை நம்பி வேர் விட்டவர்களால் வருகிறது. நாற்று விட்ட பிறகு தண்ணீரை நிறுத்தினால் பயிரோடு ஒரு குடும்பமும் வாடும். அந்த அளவுக்குத்தான் பழம் பாத்தியத்துக்கு எடை. பயிர் இல்லாத வயலுக்கு முறையும் இல்லை. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, நதி எந்த ராஜ்யத்துக்கும் தனிச் சொத்தல்ல என்று சொல்லி, நடுவர் மன்றம் நமக்குக் கொடுத்த 419 டி.எம்.சி.யை 404.25 ஆகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடிய பங்கில் 4.75 டி.எம்.சி. பெங்களூர் ஜனங்களின் குடிதண்ணீருக்கு. எங்களுக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது. ஆனாலும் பழைய பயிரையும் புதிய தாகத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஐரோப்பாவில் விமான நிலைய விதியும் இதே வழியில் போகிறது. காலியாகி வருகிற முறைகளில் பாதியைப் புதியவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 1993-இலேயே எழுதி வைத்தார்கள்.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது மும்பாயில் மட்டும் சுமார் 280 முறைகள் காலியாயின. தலைமடைக்காரன் வெளியேறிவிட்டான்; கடைமடைக்குத் தண்ணீர் போக இதைவிட நல்ல சமயம் வருமா? ஆனால் பெரும்பகுதி, ஏற்கெனவே அங்கே இருந்த பெரிய கம்பெனிகளுக்கே போய்ச் சேர்ந்தது. ஜல்காவுக்குப் பறந்த சின்ன விமானமோ, நோய்க் காலத்தில், 2020 ஏப்ரலில் நின்றுவிட்டது.

“பதினெட்டுப் பேருக்காக நூற்றெண்பது பேரைக் காக்க வைப்பதா?” என்ற கணக்கு இன்னும் பாக்கியிருக்கிறது. அதற்குப் பதில் எங்கள் சீமையிலேயே இருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி அணை திறந்தால், வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரப் பல நாட்கள் ஆகும். வழியில் மணல் குடிக்கும்; வெயில் குடிக்கும். வெறும் கணக்குப் பிள்ளையாகப் பார்த்தால், அத்தனையையும் மேலேயே பாய்ச்சிவிடுவதுதான் லாபம். ஆனால் அப்படிச் செய்யலாம் என்று எந்த சர்க்காரும் இதுவரை வாய்விட்டுச் சொல்லத் துணிந்ததில்லை. தண்ணீர் தட்டுப்பட்டால் காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைப்பார்கள். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் வாடுவார்கள். கடைமடைக்குத் தண்ணீர் எட்டிற்றா என்பதைக் கொண்டுதான் அந்த வருஷத்துத் திறப்பு நல்லதா கெட்டதா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லுகிறோம். தலைகளை எண்ணுவது வேறு. முறை செய்வது வேறு.

மும்பாய்க்கு 2025 அக்டோபரில் இரண்டாவது விமான நிலையத்தைத் திறந்து வைத்தார்கள். புதிய வாய்க்கால் வெட்டியாயிற்று, சந்தோஷம். ஆனால் புதிய வாய்க்காலுக்கும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு. கரையில் முதலில் வந்து நிற்பவன் பெரியவனாகத்தான் இருப்பான். மதகைத் திறக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் திறப்பதற்கு முன்னால் வாய்க்காலின் கடைசி வயல் வரையில் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.