வராகன், பணம், காசு, துட்டு... கடலூர் டு சிதம்பரம் ரூட்டில் நம்ம ரூபாயின் வரலாறு!

``பத்து ரூபா காயினா? வேணாம்பா... நோட்டா இருந்தா குடு!"

பஸ்ஸிலோ, டீக்கடையிலோ, காய்கறிக் கடையிலோ இந்த டயலாக்கை நீங்களும் ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். அரசாங்கம் அடித்த காசு, செல்லும் என்று ரிசர்வ் வங்கியே சொன்ன காசு. ஆனாலும் வாங்கும் கை மறுத்தால், அந்த நிமிஷத்தில் அது வெறும் உலோகத் துண்டுதான்.

இது ஏதோ இந்தக் காலத்துப் பிரச்னை என்று நினைக்காதீர்கள். 300 வருடங்களுக்கு முன்னால் கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இதுதான் தினசரி வாழ்க்கை. ஒரே சந்தையில் நாலைந்து வகை நாணயங்கள் புழங்கின. எது செல்லும், எவ்வளவுக்குச் செல்லும் என்பதைப் பணம் மாற்றித் தருபவர் சொல்ல வேண்டும். `நாடு முழுக்க ஒரே ரூபாய்' என்ற, நாம் கண்டுகொள்ளவே செய்யாத வசதி எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ள இந்த ரூட்டைவிட நல்ல ரூட் கிடையாது.

காசு: சோழர்கள் விட்டுச்சென்ற சொல்

சிதம்பரம் நடராஜர் கோயில் உட்பட சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நிலம் விற்றது, விளக்கு எரிக்கத் தானம் கொடுத்தது என பல கணக்குகள் பொன்னிலும் காசிலும் இருக்கும். தங்கத்தை நிறுக்கும் அளவுக்குக் `கழஞ்சு' என்று பெயர். நாணயத்துக்குக் `காசு'.

ராஜராஜ சோழனின் செப்புக்காசு இன்றும் நாணயம் சேகரிப்பவர்களிடம் சகஜமாகப் பார்க்கக் கிடைக்கும். ஒருபக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் `ஸ்ரீ ராஜராஜ'. ஆமாம், தமிழ் மன்னனின் காசில் எழுத்து நாகரி! சோழர்கள் இலங்கையைப் பிடித்தபோது இந்தக் காசும் கடல் தாண்டியது. அவர்கள் போன பிறகும் இலங்கை மன்னர்கள் அதே டிசைனில்தான் சொந்தக் காசை அடித்தார்கள்.

இங்கே ஒரு வாட்ஸ்அப் தகவலையும் சரிபார்த்துவிடலாம். `ஆங்கிலத்தின் கேஷ் தமிழின் காசிலிருந்து வந்தது' என்று ஃபார்வர்டு வருமே, அது பாதி உண்மை. சீனா, இந்தியாவின் சில்லறை நாணயத்தைக் குறித்த `கேஷ்' என்ற சொல், நம் `காசு' போர்ச்சுகீசிய மொழி வழியாகப் போனது. ஆனால், `ரொக்கம்' என்ற பொருளில் வரும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சொல் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேர் வேறு.

பரங்கிப்பேட்டையின் பெயரில் ஒரு தங்கக்காசு

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர்கள் வைத்த பெயர் `போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம். அவர்களுக்குப் பின் டச்சு, டேனிஷ், ஆங்கிலேய வியாபாரிகளும் வந்தார்கள். எல்லோரும் தேடி வந்த சரக்கு, இந்தப் பகுதி நெசவாளர்களின் துணி.

ஐரோப்பியர்களிடம் நாம் வாங்க விரும்பும் சரக்கு பெரிதாக இல்லை. அதனால் கப்பலில் தங்கமும் வெள்ளியும் கொண்டுவந்தார்கள். ஆனால் நெசவாளருக்கோ, நூல் வியாபாரிக்கோ வெள்ளிக்கட்டியைக் கொடுத்தால் என்ன செய்வார்? இந்த ஊர் வழக்கப்படி நாணயமாகக் கொடுத்தால்தான் செல்லும். எனவே, வந்த உலோகத்தை உருக்கி உள்ளூர் பாணியில் காசாக்க வேண்டியதாயிற்று.

அந்த உள்ளூர் பாணிதான் `வராகன்'. விஷ்ணுவின் வராக அவதாரம், அதாவது பன்றி உருவம் பொறித்த பழைய தங்க நாணயங்களிலிருந்து வந்த பெயர். பூவராக சுவாமி கோயில் இருக்கும் ஸ்ரீமுஷ்ணம் இதே கடலூர் மாவட்டத்தில் இருப்பதால், இந்தப் பகுதிக்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்கவே தேவையில்லை. ஆங்கிலேயர்கள் இதைப் `பகோடா' என்றார்கள்.

இதில் ஒரு வகைக்குப் பெயரே `போர்ட்டோ நோவோ பகோடா'. ஒருபக்கம் விஷ்ணு உருவம், இன்னொரு பக்கம் பொடிப்பொடியான புள்ளிகள். கிறிஸ்தவ ஐரோப்பிய வியாபாரிகள் இந்துக் கடவுள் படம் போட்ட காசைப் புழங்கவிட்டதற்குக் காரணம் பக்தி இல்லை. மக்கள் அதைத்தான் நம்பி வாங்கினார்கள், அவ்வளவுதான்!

டச்சுக்காரர்கள் நமக்கு இன்னொன்றையும் விட்டுப்போனார்கள். `துட்டு இல்ல மச்சி' என்கிறோமே, அந்தத் துட்டு, `டொய்ட்' என்ற டச்சு செப்பு நாணயத்தின் பெயர்தான்.

குண்டு விழுந்த தூரமும் 3,360 காசும்

1690-ல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. ஒப்பந்தப்படி, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு விழும் தூரம் வரை நிலமும் கம்பெனிக்கு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று கடலூரில் இன்றும் புழங்கும் பெயர்களை அந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், 1752 வரை கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையகமே கடலூர்தான். கம்பெனி போட்ட கணக்கு இப்படி:

80 காசு = 1 பணம்
42 பணம் = 1 வராகன்

அதாவது, ஒரு வராகனுக்கு 3,360 காசு. நாம் இன்று பொதுவாகச் சொல்லும் `பணம்' அன்று ஒரு குறிப்பிட்ட குட்டி நாணயத்தின் பெயர்!

இது ஏட்டுக் கணக்கு. சந்தையில் ஒரு வராகனுக்கு எத்தனை பணம் என்பது ஏறும், இறங்கும். வராகனிலும் பல வகை. கம்பெனியின் நட்சத்திர வராகனைவிட பரங்கிப்பேட்டை வராகனுக்கு மதிப்பு குறைவு. இதற்கு நடுவே ஆற்காடு ரூபாய் என்ற வெள்ளி நாணயம் வேறு. 20 கிலோமீட்டர் சொச்சத்தில் இருந்த புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் 1736-ல் நவாபிடம் அனுமதி வாங்கி அதே ரூபாயை அடித்தார்கள். அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பதிவுசெய்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வராகன், பணம், ரூபாய் எல்லாமே கலந்து வரும்.

இதில் அடி வாங்கியவர் யார்? வராகனில் கணக்கு வைத்த பெரிய வியாபாரி இல்லை. கூலியைச் செப்புக்காசில் வாங்கிய ஏழை. வரி கட்டவோ கடன் அடைக்கவோ பெரிய நாணயம் தேவைப்பட்டால், அவர் சராப்பிடம், அதாவது நாணயம் மாற்றுபவரிடம் போக வேண்டும். அவர் காசைத் தட்டிப்பார்த்து, உரசிப்பார்த்து, `வட்டம்' என்ற கழிவைப் பிடித்துக்கொண்டுதான் மாற்றித்தருவார். உழைத்த காசு கை மாறும்போதே கரைந்தது.

கடலுக்கடியில் நம்ம காசு

சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்கக் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. இங்கிலாந்தில் நீராவி இயந்திரத்தில் செப்புக்காசு அடித்து சென்னை மாகாணத்துக்குக் கப்பலில் அனுப்புவது. 1803, 1808 என்று வருடம் போட்ட 10 காசு, 20 காசு நாணயங்கள் இப்படி வந்தவை.

ஒரு கப்பல் வரவில்லை. 1809 ஜனவரியில் `அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் டன் கணக்கில் இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கான நாணயங்களை மேலே எடுத்தார்கள். நம் ஊர் சந்தைகளில் தேய்ந்திருக்க வேண்டிய காசு, இன்று புத்தம்புதுசாக வெளிநாட்டு சேகரிப்பாளர்களின் கையில் இருக்கிறது.

ரூபாய் ஜெயித்த கதை

`ரூபாய்' வடக்கிலிருந்து வந்தது. 16-ம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூரி அடித்த வெள்ளி நாணயத்தை முகலாயர்கள் தொடர்ந்தார்கள். வடக்கே வெள்ளி, தெற்கே தங்கம் என்றே வெகுகாலம் ஓடியது.

1818-ல் சென்னை மாகாணத்தில் கம்பெனி வராகனுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இனி வெள்ளி ரூபாய்தான் நிலையான நாணயம், ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று அறிவித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ரூபாய்க்கு 960 காசு! 1835-ல் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே எடை, ஒரே தரத்தில் 11.66 கிராம் ரூபாய் வந்தது. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப்போர் நெருக்கடியில் 1940-ல் அது பாதியானது. 1947-ல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது.

காகித நோட்டு 1861-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசின் உரிமையானது. ஆரம்பத்தில் ஒரு சர்க்கிளில் வெளியான நோட்டு இன்னொரு சர்க்கிளில் சட்டப்படி செல்லாது. சென்னை நோட்டைக் கல்கத்தாவில் நீட்டினால் வாங்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் படிப்படியாக எல்லா இடத்திலும் செல்லும் நோட்டுகள் வந்தன. முதல் உலகப்போரில் வெள்ளி தட்டுப்பாடு வர, ஒரு ரூபாய் நோட்டும், இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும்கூட அடித்தார்கள். 1935-ல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டு, 1938-ல் வந்த ஐந்து ரூபாய்.

அணா போய் நயா பைசா

16 அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1-ம் தேதி மாறியது. இனி 100 நயா பைசா. நாலணா என்றால் 25 பைசா, சிக்கல் இல்லை. ஆனால் ஓரணா என்பது 6.25 பைசா ஆச்சே? அதை 6 பைசா என்று வைத்தார்கள். மூன்றணா 19 பைசா. ஓரணாவுக்கு விற்றவருக்குக் கால் பைசா நஷ்டம், மூன்றணாவுக்கு வாங்கியவருக்குக் கால் பைசா நஷ்டம். அன்றைய சில்லறை வியாபாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 1964-ல் `நயா' உதிர்ந்தது. 2011 ஜூன் 30-க்குப் பிறகு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. `நாலணாவுக்குப் பிரயோஜனம் இல்ல' என்ற திட்டு மட்டும் செல்லுபடியாகிறது.

₹: இது தென்னாற்காடு கனெக்‌ஷன்

2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை ஏற்ற ₹ குறியீட்டை வடிவமைத்தவர், ஐ.ஐ.டி பாம்பேயில் படித்த உதயகுமார். 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து தேர்வானது. தேவநாகரியின் `ர', ரோமன் `ஆர்' இரண்டையும் இணைத்தது. அவருடைய ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். 1993 வரை அது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த பகுதி. தமிழுக்கென்று ௹ என்ற பழைய ரூபாய்க் குறியும் உண்டு. உங்கள் தாத்தா காலத்துப் பத்திரங்களில் தேடிப் பாருங்கள்.

பெட்டியில் பழைய காசு இருக்கா?

* `பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், கமிஷன் மட்டும் முதலில் அனுப்புங்க' என்று மெசேஜ் வந்தால் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி இப்படிக் கமிஷன் கேட்பதே இல்லை என்று 2021-ல் எச்சரித்திருக்கிறது.

* பழைய காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். சேகரிப்பாளர்கள் மதிப்பது அந்த இயல்பான நிறத்தைத்தான்.

* வீடு கட்டத் தோண்டும்போது புதையலாக நாணயம் கிடைத்தால், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் வைத்திருக்கும் வரம்பு வெறும் 10 ரூபாய் மதிப்பு!

* பத்து ரூபாய் நாணயத்தில் 14 டிசைன்கள் உண்டு, அத்தனையும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் 1,000 ரூபாய் வரை சட்டப்படி செல்லும்.

இன்று க்யூ.ஆர் கோடு ஸ்கேன் பண்ணினால், `பேமென்ட் ரிசீவ்டு' என்று பெட்டி சத்தம் போடும். சராப்பும் இல்லை, வட்டமும் இல்லை. ஆனால் போன் இல்லாத பாட்டிக்கும், தினக்கூலி வாங்குபவருக்கும் இன்னும் கையில் இருக்கும் காசுதான் காசு. அவர்கள் நீட்டும் பத்து ரூபாய் நாணயத்தை மறுக்கும்போது, பழைய வட்டக் கழிவை நாமே திரும்பக் கொண்டுவருகிறோம். தமிழில் `நாணயம்' என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் ஒரு பொருள் உண்டே... அடுத்த முறை சில்லறை வாங்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!