அடுப்பேறாத இனிப்புகள்

சமையல் என்றவுடன் நம் நினைவில் தோன்றுவது அடுப்பே. புகையும் அனலும் இன்றிப் பண்டம் ஏது, பலகாரம் ஏது என்று கேட்போம். ஆயினும் நம் வீடுகளிலும் கோயில்களிலும் நெடுங்காலமாகச் செய்யப்பெறும் இனிப்புகளுள் ஒரு பகுதி அடுப்பின் முகத்தையே காணாதது. தேன் பிசைந்த தினைமாவு, வெல்லம் கலந்த அவல், மாரியம்மன் விழாவில் இடும் மாவிளக்கு, இராமநவமியன்று வழங்கும் பானகம், பழனியின் பஞ்சாமிர்தம் ஆகிய யாவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மன்னர் போரையும் மணிமுடியையும் கூறும் வரலாற்று நூல்களில் இவற்றுக்கு இடம் இல்லை. அவ்விடத்தைச் சிறிது நேரம் இவற்றுக்கு அளிப்பதே இப்பேச்சின் நோக்கம்.

தொடங்கும் முன்னரே ஒரு தடை எழும். “ஐயா, வெல்லம் என்பது கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுப்பதன்றோ? நெய் உருக்குவதன்றோ? அவலுக்கு நெல்லை வறுப்பதில்லையோ? பின்னர் இவை அடுப்பேறாதவை ஆவது எங்ஙனம்?” என்று கூர்மையுள்ள மாணவன் ஒருவன் வினவக்கூடும். வினா நேரியது. தனித்தனிப் பொருள்கள் தத்தம் பிறப்பிடத்தில் தீயைக் கண்டிருக்கலாம். ஆனால் அவை ஒன்றுகூடி இனிப்பாகும் இடத்தில் தீ இல்லை, கை மட்டுமே உண்டு. வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் சிறிதன்று. தீயில் வெந்த பண்டத்தில் ஒன்றன் சுவை மற்றொன்றில் கரைந்து தன் முகவரியை இழக்கிறது. பழைய வெல்லமும் சுமாரான நெய்யும் பாகிலும் மணத்திலும் மறைந்துகொள்ளும். கையால் பிசைந்த இனிப்பிலோ ஒவ்வொரு பொருளும் தன் ஊரையும் தன் தரத்தையும் நாவினிடத்தில் கூறிவிடும். ஆகவே, அடுப்பேறாத இனிப்பின் வரலாறு பெரும்பாலும் அதில் சேர்ந்த பொருள்களின் வரலாறே ஆகும்.

இவற்றுள் மூத்தது தினைமாவும் தேனும் எனலாம். இரண்டும் குறிஞ்சி நிலத்துப் பொருள்கள். ஒன்று புனத்தில் விளைவது, மற்றொன்று பாறை முடுக்கில் கிடைப்பது. கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்தில், கிழவேடம் பூண்டு வரும் முருகனுக்கு வள்ளி தினைமாவும் தேனும் அளிக்கின்றாள். உண்ட கிழவர் விக்கித் தண்ணீர் கேட்கின்றார். நகையாகவே படிக்கும் இக்காட்சியில் ஓர் உண்மையும் இருக்கிறது. பச்சைத் தினைமாவு தேனில் குழைந்தாலும் தொண்டையை அடைக்கவே செய்யும். புலவர் அதனை உண்டறிந்தே பாடினார் என்பது என் துணிபு.

தேனின் தனியாட்சி எந்நாளில் முடிந்தது என்று ஆண்டு குறித்துக் கூற இயலாது. ஆயின், கரும்பு வந்து சேர்ந்த ஒரு பொருள் என்னும் நினைவு தமிழரிடம் நெடுநாள் இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்பதனைப் புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் அவர்களுடைய பெருமைகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகின்றார். வென்ற நாடுகளுக்கு நிகராக ஒரு பயிரைச் சொன்ன அந்த மனப்பாங்கு கருதத்தக்கது. கரும்பு வந்தபின், மலையேறித் தேனெடுக்க இயலாத மருத நிலத்தாருக்கும் இனிப்பு எளிதாயிற்று. குறுந்தொகையில், பாசவல் இடித்த மகளிர் உலக்கையை நெல்வயல் வரப்பில் கிடத்திவிட்டு விளையாடச் செல்லும் காட்சி ஒன்று வருகிறது. அந்த அவலோடு வெல்லம் சேர்ந்த உணவு இன்றும் நம் வீடுகளில் உண்டு. நீர் தெளித்து, வெல்லத்தைத் துருவி, தேங்காய்ப் பூவும் ஏலப்பொடியும் தூவினால் முடிந்தது. பள்ளிக்குப் புறப்படும் சிறுவன் தானே செய்து உண்ணலாம்.

மாவிளக்கின் அமைப்பு வியப்புக்குரியது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகாத நிலையில் இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலமும் சேர்த்து உருட்டுவர். நடுவே குழித்து நெய் ஊற்றித் திரியிட்டு ஏற்றுவர். அடியிலிருந்து வேகவைக்கும் தீ இங்கே மேலிருந்து ஒளி மட்டும் தருகிறது! விளக்கு மலையேறியபின் அம்மாவைப் பிட்டு உண்டால், திரியருகே இருந்த பகுதியில் நெய் கசிந்து ஒரு சுவை. ஓரத்தில் மற்றொரு சுவை. இளமையில் அந்தத் திரியோரத்துத் துண்டுக்காக உடன்பிறந்தோரோடு வழக்கிட்டவர் நம்மில் பலர் இருப்பர்.

இனி வாழைக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதல் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பிள்ளையார் கணபதியாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைப்பதற்காக 360 காசு முதலாக வைக்கப்பட்டது. தஞ்சை வணிகர் அம்முதலைப் பெற்றுக்கொண்டு அதன் பொலிசைக்கு, அதாவது வட்டிக்கு, பழம் கொண்டுவந்து தரவேண்டும். ஆண்டு வட்டி காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு; ஒரு காசுக்குப் பழம் 1,200. மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 360 காசுக்கு வட்டி 45 காசு. 45 காசுக்குப் பழம் 54,000. நாளொன்றுக்கு 150 வீதம் சரியாக 360 நாளைக்கு வரும். ஒரு பழமும் மிகுதியில்லை, குறைவுமில்லை. எட்டாம் வகுப்பில் தனிவட்டிப் பாடம் நடத்தும்போதெல்லாம் இக்கணக்கையே கரும்பலகையில் எழுதுவேன்.

அக்கல்வெட்டில் பழம் பழமாகவே படைக்கப்பட்டது. பிசைந்த பழம் எவ்வாறு வந்தது? பஞ்சாமிர்தம் என்ற வடசொல் ஐந்து அமுதங்களைக் குறிக்கும். வடமொழி மரபில் அவை பால், தயிர், நெய், தேன், சர்க்கரை. அது நீராக ஓடும் திருமுழுக்குப் பொருள். பழனியிலோ பெயர் அதுவாக இருக்க, பொருள் மாறிவிட்டது. பாலும் தயிரும் விலக, வாழைப்பழமும் ஏலமும் வந்து அமர்ந்தன. சர்க்கரை, நெய், தேன் மூன்றும் நிலைத்தன. பேரீச்சையும் கற்கண்டும் துணைக்கு வந்தன. நீர் ஒரு துளியும் சேர்ப்பதில்லை. முழுக்கி வழியவிடும் பொருள், கையில் ஏந்தி ஊருக்கு எடுத்துச் செல்லும் பொருளாயிற்று. இம்மாற்றம் ஒரே நாளில் ஒருவர் கட்டளையால் நிகழ்ந்திருக்க முடியாது. பாலும் தயிரும் மறுநாளே புளிக்கும். நெடுந்தொலைவு நடந்து திரும்பும் காவடிக்காரருக்கு அவை உதவா. கெடாத பொருள்களைத் தேடித் தேடி அமைத்த ஆய்வின் முடிவே பழனிப் பஞ்சாமிர்தம் என்று நான் கருதுகின்றேன். அதற்குப் புவிசார் குறியீடு 2019-ஆம் ஆண்டில் கிடைத்தது.

இந்த ஆய்வை மாணவரைக்கொண்டு மீண்டும் செய்து பார்க்க ஒரு முறை முயன்றேன். நான்கு கண்ணாடிப் பாத்திரங்கள். ஒன்றில் பூவன், ஒன்றில் ரஸ்தாளி, ஒன்றில் நேந்திரம், ஒன்றில் விருப்பாட்சி மலைவாழை. நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலம் ஆகியன எல்லாவற்றிலும் ஒரே அளவு. மாணவர் நாள்தோறும் முகர்ந்தும் நோக்கியும் ஏட்டில் எழுதினர். பூவன் இட்ட பாத்திரம் மூன்றாம் நாள் நுரைத்துப் பொங்கியது. ரஸ்தாளி மணத்தில் முதன்மை பெற்றது. ஆயின் விரைவில் நீர்த்து இளகியது. நேந்திரம் மாவுபோல் இறுகிச் சர்க்கரையோடு ஒட்டாமல் நின்றது. மலைவாழை மட்டும் முதல் நாளில் இருந்தவாறே இருந்தது. காரணம் எளிது. நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு நீர் வேண்டும். சர்க்கரையும் தேனும் இருக்கும் நீரையெல்லாம் தம்மோடு பிணைத்துக்கொள்ளும். பழத்தில் நீர் மிகுந்தால் அப்பிணைப்பு போதாமல் போகும். விருப்பாட்சி இயல்பிலேயே நீர் குறைந்த பழம்.

வெற்றி கண்ட மகிழ்ச்சியில் நான் ஒரு பிழை செய்தேன். மலைவாழைக் கலவையில் மணத்துக்காகப் பச்சைக் கருப்பூரம் சேர்க்க எண்ணி, கடுகளவு இடவேண்டிய இடத்தில் மிளகளவு இட்டுவிட்டேன். பாத்திரம் முழுதும் கசந்து, மருந்துக்கடை மணம் வீசியது. ஒரு மாணவனும் இரண்டாம் முறை கை நீட்டவில்லை. அவர்களே பின்னர், என்னைக் கேளாமல், அடுத்த கலவையில் சுக்குப்பொடி சிறிது தூவினர். அது பானகத்தின் சாயலோடு மிக நன்றாக அமைந்தது. தலைமையாசிரியர் தோற்ற இடத்தில் மாணவர் வென்றனர்.

அந்த மிளகளவு கருப்பூரத்துக்கும் ஒரு பெரும் பயணக் கதை உண்டு. உண்ணத்தகும் பச்சைக் கருப்பூரத்தில் புகழ் பெற்றது சுமத்திராத் தீவின் மேலைக் கரையிலுள்ள பாரூஸ் துறைமுகம். காட்டு மரத்தின் உள்ளே படிந்து கிடப்பதைப் பிளந்து எடுத்து அங்கே கொண்டுவந்து விற்றனர். அத்துறையை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. கடல் கடந்து சென்று அங்கே தங்கி, தம் மொழியில் தம் ஒழுங்கைக் கல்லில் எழுதிய வணிகர் அவர்கள். ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செல்வம். பேரீச்சை அரபு நாட்டுப் பாலைச் சோலைகளின் கொடை. சீனி என்ற சொல் தன் பெயரிலேயே சீனத்தை வைத்திருக்கிறது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பிசையும் ஒரு கிண்ணத்தில் இத்தனை நாடுகள்!

ஆனால் அக்கிண்ணத்தின் அடித்தளமான பழமே அழியும் நிலைக்கு வந்த கதையை இளைஞர் அறியவேண்டும். ஒட்டன்சத்திரத்தை அடுத்தது விருப்பாட்சி. சிவகங்கை அரசி வேலுநாச்சியார் 1772-இல் கணவரை இழந்தபின் புகலிடம் பெற்ற பாளையம் அது. அதன் தலைவர் கோபால நாயக்கர் ஆங்கிலேயரை எதிர்த்து 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வூரின் பெயரையே தாங்கிய வாழை, பழனிமலையின் கீழ்ச்சரிவுகளில் காப்பித் தோட்டங்களின் ஊடே மழைநீரை மட்டும் நம்பி வளர்ந்தது. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய், இலங்கை வழியாக 1940-ஆம் ஆண்டளவில் கேரளத்துக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. பின்னர் அது இம்மலைகளையும் பற்றியது. அசுவினிப் பூச்சி அதனை மரத்துக்கு மரம் கொண்டுசெல்லும். நோயுற்ற வாழையின் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நெருங்கும், குலை வாராது. மருந்து இல்லை, வேரோடு அழிப்பதே வழி. நோய் கண்ட தாயடியிலிருந்து பெயர்த்த கன்றும் நோயையே சுமந்து செல்லுமாதலின், அறியாமல் நட்ட உழவர் தம் கையாலேயே நோயைப் பரப்பினர். மலைச்சரிவுகள் வெறுமையாயின, பலர் வாழையைக் கைவிட்டனர்.

அப்போது பிற வாழைப்பழங்களைக் கலந்து பிசைந்தவரும் உண்டு. எங்கள் பூவன் பாத்திரத்துக்கு நேர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த பண்டமாயின் வேறு பழத்தை இட்டு மறைத்திருக்கலாம். இங்கே மறைக்க ஒன்றுமில்லை. பழம் போனால் பண்டமும் போயிற்று. பின்னர் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நச்சுயிரி இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை உருவாக்கி மலை உழவரிடம் சேர்த்தனர். விருப்பாட்சி மீண்டும் சரிவுகளில் ஏறியது. முன்பிருந்த பரப்பை அது இன்னும் எட்டவில்லை.

சென்ற தை மாதத்தில் பழனிச் சந்தையில் ஒரு சீப்பு வாங்கி வந்தேன். தோல் தடித்து, கறுத்துச் சுருங்கிய பின்னரே அது பக்குவம் பெறும். அதுவரை என் பேரன் நாள்தோறும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பழுத்த அன்று இருவரும் அமர்ந்து பிசைந்தோம். கருப்பூரச் சிமிழை அவன் பாட்டி முன்னரே எடுத்து ஒளித்துவிட்டார். சுக்கு இடலாமா என்று பேரன் கேட்டான், இட்டோம். எலுமிச்சைத் தோலைத் துருவி இடலாமா என்று அடுத்துக் கேட்டான். அதனை நான் முன்பு எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு கிண்ணம் மட்டும் தனியாக எடுத்து, அதில் இட்டோம்.