ஆங்கில நாட்டுத் தொடக்கப் பள்ளிகளும் அவற்றின் ஊதியமில்லா ஆட்சிக்குழுவினரும்

ஒரு பள்ளிக்கூடம் நடைபெறுதற்குக் கற்பிக்கும் ஆசிரியரும், கற்கும் மாணாக்கரும், பொருள் உதவுவோரும் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. இம்மூவரேயன்றி நான்காவதாக ஒரு சாராரும் ஆங்கில நாட்டுப் பள்ளிகளில் உளர். அவர் கற்பிப்பவரல்லர், கற்பவருமல்லர், இக்காலத்துப் பெரும்பாலும் பொருள் கொடுப்பவருமல்லர். பகலெல்லாம் தத்தம் தொழிலைச் செய்து, மாலையிற் பள்ளியிற் கூடித் தலைமையாசிரியரை நியமித்தலும், வரவு செலவு ஆராய்தலும், பிள்ளைகள் கற்கின்றனரா என வினாவுதலும் அவர் கடமை. இதற்கு அவர் பெறும் ஊதியம் யாதுமில்லை. இங்கிலாந்தில் மட்டும் இத்தகையார் ஏறக்குறைய 2,50,000 பேர் உளர் என்ப.

தொடக்கப் பள்ளிகளில் இவரை முன்னாளில் மானேஜர் என்றும், 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்க் கவர்னர் என்றும் வழங்குவாராயினர். கவர்னர் என்றவுடன் நம்மவர்க்கு மாநிலத்து ஆளுநர் நினைவே வரும். இவர் அத்தகையரல்லர், நம் கோயில்களின் தருமகர்த்தரையும், உதவி பெறும் பள்ளிகளின் தாளாளரையும் ஒருவாறு ஒப்பர். ஆதலின் ஈண்டு ஆட்சிக்குழுவினர் என்றே குறிப்பாம்.

கற்பிக்கும் தொழிலையறியாத ஒருவர், அத்தொழிலிற் பயின்று முதிர்ந்த ஆசிரியரைக் கேள்வி கேட்க உரிமையுடையரோ? எம்போல் ஆசிரியத் தொழிலிலேயே நரைத்தார்க்கு இவ்வினா இனிப்பதன்று. எனினும் இவ்வாட்சிக்குழுவின் வரலாற்றை முறையே நோக்கின், வினா நாம் எண்ணிய வடிவில் இல்லை என்பது புலனாகும். அக்குழுவில் அமரும் இருக்கை முதலிற் பொருள் கொடுத்தார்க்கு உரியதாயிருந்தது. பிள்ளையைப் பெற்றார்க்கு அது வந்தெய்த நூற்றைம்பது ஆண்டு சென்றது. அவ்வரலாற்றைக் கூறுவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசினர் ஏழை மக்களின் கல்வியைத் தம் கடமையாகக் கொண்டிலர். இங்கிலாந்துத் திருச்சபையினர் 1811-இல் நிறுவிய தேசியக் கழகமும், அச்சபையிற் சேராத கிறித்தவர் பெரிதும் ஆதரித்த பிரிட்டிஷ் அயல்நாட்டுப் பள்ளிக் கழகமுமே ஊர்தோறும் பள்ளிகளை எழுப்பின. அரசினர் முதன்முதலாக 1833-இல் 20,000 பவுன் உதவினர். அதுவும் இவ்விரு கழகங்களின் வாயிலாகப் பள்ளிக் கட்டடங்களுக்கே. ஊர்ப் பள்ளியை ஆண்டவர் பெரும்பாலும் அவ்வூர்க் குருவும், பணம் தந்த நிலக்கிழாருமே. ஆசிரியர் குருவின் ஏவலராகவே மதிக்கப்பட்டார்.

1839-இல் கல்விக்கென ஓர் அரசியற் குழு அமைந்தது. அதன் செயலாளராகிய கே ஷட்டில்வொர்த் என்பார், பொதுப்பணம் பெறும் பள்ளிக்குப் பொதுமக்கள் காணத்தக்க ஓர் ஆட்சி முறை வேண்டும் என்னும் கருத்தினர். ஆதலின் 1846, 1847-ஆம் ஆண்டுகளில், கட்டட உதவி வேண்டும் பள்ளிகள் தம் உரிமைப் பத்திரத்திலே ஆட்சிக்குழுவைப் பற்றிய விதியொன்றை எழுதிக்கொள்ளல் வேண்டும் என அக்குழு கட்டளையிட்டது. குருவோடு, நன்கொடையாளர் தேர்ந்தெடுக்கும் இல்லறத்தார் சிலரும் அமர்ந்து பள்ளியை ஆளவேண்டும் என்பது அவ்விதியின் சாரம். இதனைக் கேட்டுத் திருச்சபையில் ஒரு சாரார் கொதித்தெழுந்தனர். டெனிசன் என்னும் குரு அவர்களுள் முதன்மையானவர். ஆன்மாக்களைக் காக்கும் பொறுப்புத் தம்மதாயிருக்க, பள்ளியில் மட்டும் இல்லறத்தார் தமக்குச் சமமாக அமர்வது எவ்வாறு என்பது அவர் தரப்பினர் வாதம். பூசல் பல்லாண்டு நீண்டது. இருவர் வாதத்திலும் பெற்றோர் என்னும் சொல் எழவேயில்லை என்பதை நேயர்கள் நோக்குக. வாக்குரிமை நன்கொடையாளர்க்கே; நன்கொடையளிக்க இயலாத கூலியாளுக்குத் தன் மகன் படிக்கும் பள்ளியின் ஆட்சியில் யாதோர் இடமுமில்லை.

இவ்விடத்தில் நம் நாட்டைப் பற்றி ஒரு சொல். 1854-இல் சார்லஸ் வுட் என்பார் பெயரால் இந்தியாவிற்கு வந்த கல்வி ஆணையிலும், உள்ளூரில் தக்க ஆட்சியையுடைய பள்ளிகளுக்கே அரசினர் உதவித்தொகை என்னும் நிபந்தனை காணப்படும். உதவித்தொகையும் அதற்குப் பொறுப்பேற்கும் உள்ளூர் ஆட்சியுமாகிய இம்முறை கடல் கடந்து நம்மிடம் வந்தது அவ்வாறாம்.

1862-இல் ராபர்ட் லோ என்பார் கொணர்ந்த திருத்திய விதிகள் ஆட்சிக்குழுவின் கையை மிக வலுப்படுத்தின. அதற்கு முன்னர் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்க்கு அரசினர் நேரே ஒரு தொகை அளித்து வந்தனர். அது நின்றது. இனி எல்லாப் பணமும் ஆட்சிக்குழுவிடமே செல்லும். ஆசிரியர் தம் சம்பளத்தை அக்குழுவோடு பேசி முடித்துக்கொள்ளல் வேண்டும். பணமோ பரீட்சையைப் பொறுத்தது. நாடோறும் வரும் சராசரிப் பிள்ளைத் தொகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். அதன்மேல், 200 முறைக்கு மேல் வந்த பிள்ளை ஒவ்வொன்றிற்கும் 8 ஷில்லிங். ஆனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றனுள் ஒன்றிற் பிள்ளை தவறினும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். இதன் பயன் யாது? ஆட்சிக்குழுவினர் பிள்ளையை நோக்குதல் விடுத்து வருகைப் பதிவேட்டை நோக்கினர்; ஆசிரியர் அறிவூட்டுதல் விடுத்து உருப்போடுவித்தனர். கோயிலில் இசைக்கருவி வாசித்தலும், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்துதலும் ஆசிரியர் மேற் சுமத்தப்பட்ட ஊர்கள் பல. மறுப்பின் வேலை போம். 1870-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒரு சங்கமாகக் கூடியதற்கு இக்கொடுமைகளும் காரணமாம். பணத்தையும் வேலைநீக்கத்தையும் ஒரு கையிலே வைத்து, அக்கையைக் கேட்பார் ஒருவருமின்றி விடுவது எத்துணைத் தீங்கு என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவ்வாண்டே பாஸ்டர் என்னும் அமைச்சர் கொணர்ந்த தொடக்கக் கல்விச் சட்டம் புதிய வழியொன்றைத் திறந்தது. பள்ளி போதாத ஊர்களில் வரி செலுத்துவோர் வாக்களித்துப் பள்ளிச் சபையைத் தேர்ந்தெடுக்கலாயினர். பாராளுமன்றத்திற்கு வாக்களிக்க உரிமையில்லாத பெண்டிர், வரி செலுத்துவோராயின் இச்சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராதற்கும் தடையில்லை. 49 உறுப்பினரைக் கொண்ட இலண்டன் சபையின் முதல் தேர்தலில் எலிசபெத் காரெட் என்னும் பெண் மருத்துவர் 47,000-க்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றுத் தம் தொகுதியில் முதலிடம் எய்தினார். எமிலி டேவிஸ் என்பாரும், இயற்கை நூற் புலவராகிய ஹக்ஸ்லியும் அச்சபையில் அமர்ந்தனர். பின்னர் அடையாற்றிற் குடியேறி நம் நாட்டார் நன்கறிந்தவராய் விளங்கிய அன்னி பெசண்டு அம்மையாரும் 1888 முதல் மூன்றாண்டு இவ்விலண்டன் சபையில் உறுப்பினராயிருந்தார். பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எழுத்துக் கற்பிக்க முடியாது என்று கண்டு, உணவளிக்கும் வழியை அவர் வற்புறுத்தினார். வரிப்பணத்திற் பள்ளி உணவு அளிக்க உள்ளூராட்சியினர்க்குச் சட்டம் இடந்தந்தது 1906-இல் ஆம்.

இச்சபை தன் பள்ளிகளுக்கு உள்ளூர் ஆட்சிக்குழுவினரை நியமித்தது. அவர்க்கு அதிகாரம் சிறிது, வேலை பெரிது. பள்ளிக்கு நேரிற் சென்று பார்ப்பர், பதிவேட்டைச் சரிபார்ப்பர், பிள்ளை ஏன் வரவில்லை என ஆராய்வர். காலணியில்லாமையால் வாராத பிள்ளையை அறிந்தவர் சபையின் தலைமை அலுவலகத்தினர் அல்லர், இவரே. அதிகாரம் குன்றிய இக்காலத்திலேதான் அவ்வேலையின் உண்மை இயல்பு வெளிப்பட்டது என்பது எம் கருத்து.

1902-இல் பால்பர் அரசினர் சட்டத்தால் 2,500-க்கு மேற்பட்ட பள்ளிச் சபைகள் ஒழிந்தன. கல்வி, மாவட்ட நகர ஆட்சி மன்றங்களின் கைக்குச் சென்றது. திருச்சபைப் பள்ளிகளுக்கும் வரிப்பணம் கிடைத்தது. அவற்றின் ஆட்சிக்குழு அறுவர். நால்வர் பள்ளியை நிறுவினோர் சார்பினர், இருவர் மக்களாட்சி மன்றங்களின் சார்பினர். எம் வரி, அவர் ஆட்சியோ எனச் சபையிற் சேராத கிறித்தவர் வெகுண்டனர். கிளிபர்டு என்னும் போதகரைத் தலைவராகக் கொண்டு பல்லாயிரவர் வரி கொடாது மறுத்தனர். அவருடைய பண்டங்கள் கைப்பற்றி ஏலமிடப்பட்டன. சிலர் சிறை புகுந்தனர். அச்சட்டத்திலேயே, சமய போதனையின் கண்காணிப்புக் குருவொருவர்க்கே உரியதன்று, ஆட்சிக்குழு முழுமைக்கும் உரியது என்னும் திருத்தமும் ஏறியது. ஐம்பதாண்டிற்கு முன் டெனிசன் அஞ்சியது நிகழ்ந்தேவிட்டது.

1944-ஆம் ஆண்டுப் பட்லர் சட்டத்தைப் பற்றி மிக விரித்தல் வேண்டா. தொடக்கப் பள்ளிக்கு மானேஜர், மேனிலைப் பள்ளிக்குக் கவர்னர் எனப் பெயரில் ஒரு மேடு பள்ளம் வைத்தது. பல பள்ளிகளை ஒரே குழுவின் கீழ்ச் சேர்க்கவும் இடந்தந்தது. இதனாற் சில நகரங்களில் ஒரே குழு பல பள்ளிகட்கும் பெயரளவில் ஆட்சிக்குழுவாயிற்று. அரசியற் கட்சிகள் தம்மவரை அமர்த்தின. அப்போதும் பெற்றோர்க்குச் சட்டத்தில் இடமில்லை.

உறங்கிய இம்முறையை எழுப்பியது ஒரு சிறு பள்ளியின் பூசல். இலண்டனில் இசுலிங்டன் என்னும் பகுதியிலே வில்லியம் டிண்டேல் பெயர் தாங்கிய தொடக்கப் பள்ளியில், 1974-இல் புதிய தலைமையாசிரியரும் உடனாசிரியர் சிலரும் பிள்ளைகள் தாம் விரும்பியதைத் தாமே தெரிந்து செய்யும் முறையைப் புகுத்தினர். எம் பிள்ளைகள் வாசிக்கக் கற்றிலர் எனப் பெற்றோர் சிலர் முறையிட்டனர். பலர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். ஆட்சிக்குழுவினர் உட்புகுந்து வினவ, ஆசிரியர்கள் பள்ளி நேரத்தில் அவர் வருதலையே மறுத்தனர். குழுவிற் சிலர் மனுவெழுதிக் கையொப்பம் திரட்டினர். கல்வியதிகாரிகள் 1975-இல் ஆய்வாளரை அனுப்பியபோது ஆசிரியர்கள் வேலை நிறுத்தம் செய்து வேறிடத்திற் பள்ளி நடத்தினர். ஆல்டு என்னும் வழக்கறிஞர் விசாரித்து 1976-இல் அளித்த அறிக்கை, ஆசிரியர், ஆட்சிக்குழுவினர், கல்வியதிகாரிகள் ஆகிய எவரையும் குற்றமின்றி விடவில்லை.

இப்பூசலில் நாம் யார் பக்கல் நிற்பது? பாடம் சொல்லும் முறையை ஆசிரியரே அறிவர். அதனிடை அயலார் புகுந்து, இதனை முன் சொல், அதனைப் பின் சொல் எனில், கல்வி கெடும். மனுவெழுதித் தெருவில் திரிந்த குழுவினரும் தம் பதவியின் அளவு கடந்தவரே. ஆயினும், என் பிள்ளை இரண்டாண்டாகியும் ஏன் வாசித்திலன் என்று ஒரு தாய் கேட்பது பாடமுறையிற் புகுதலன்று. மருந்தின் பாகம் வைத்தியர் அறிக. நோய் தணிந்ததா என்பதை நோயாளியின் வீட்டார் கேளாது வேறு யார் கேட்பார்? அக்கேள்வியை அஞ்சாது கேட்கவும், ஆசிரியர் சினவாது விடையிறுக்கவும் ஓர் அவை வேண்டியிருந்தது. டிண்டேல் பள்ளியில் இல்லாதது அதுவே.

அப்போதே டெய்லர் என்பார் தலைமையில் ஆராய்ந்துகொண்டிருந்த குழு 1977-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் தனியே ஓர் ஆட்சிக்குழு வேண்டும். அதில் உள்ளூராட்சியினர், பள்ளி ஊழியர், பெற்றோர், ஊரார் என்னும் நால்வகையினரும் சமமாக அமர்தல் வேண்டும் என்பது அதன் முடிபு. 1980-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினரைக் கட்டாயமாக்கியது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சிப் பள்ளிகளில் அவர் தொகையை ஆட்சி மன்றம் நியமிக்கும் உறுப்பினர் தொகைக்குச் சமமாக்கியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளியின் செலவுப் பணத்தைப் பங்கிடும் பொறுப்பும் இவர் தலையில் ஏறியது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற் பங்கினர் பெற்றோராகவும், பாதியினர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும் என விதித்திருத்தல், இத்துறையில் ஆங்கிலேயரையும் கடந்ததோர் அடியாம்.

உள்ளூராட்சிப் பள்ளிகளில் இந்நாளைய ஆட்சிக்குழு எழுவர்க்குக் குறையாதது. தலைமையாசிரியர் ஒருவர், ஊழியர் தேர்ந்தார் ஒருவர், உள்ளூராட்சியினர் ஒருவர், பெற்றோர் இருவரேனும் அதில் இருத்தல் வேண்டும். பதவிக்காலம் பெரும்பாலும் நான்காண்டு. தலைமையாசிரியர் அறிக்கை வாசிக்க, தச்சரும் செவிலியும் கணக்கரும் கடைக்காரரும் வினவுவர். ஒரு பிள்ளையைப் பள்ளியினின்று முற்றும் விலக்கினால், அம்முடிபு முறையானதா என ஆராய்பவரும் இவரே. வேலை நேரத்தில் இதற்கெனப் புறஞ்செல்ல முதலாளி தக்க அளவில் இடந்தரல் வேண்டும் என்பது சட்டம்; அந்நேரத்திற்குச் சம்பளம் தருதல் கட்டாயமன்று.

இவ்வுரிமையும் நிலைபெற்றுவிட்டது என்றற்கில்லை. 2010-க்குப் பின்னர் அகாதெமி என்னும் பெயரால் பல பள்ளிகள் உள்ளூராட்சியினின்று நீங்கி, அறநிலைக் கழகங்களின் கீழ்ச் சென்றன. பல பள்ளிகளை ஆளும் ஒரு கழகத்தில் உண்மை அதிகாரம் மேலுள்ள குழுவினது. அவ்வப் பள்ளியின் உள்ளூர்க் குழுவிற்குக் கழகம் விட்டுக்கொடுத்த அளவே அதிகாரம். 2016 மார்ச்சு மாதத்தில் அரசினர் வெளியிட்ட வெள்ளையறிக்கை, அகாதெமிக் கழகங்கள் பெற்றோர்க்கு இடம் ஒதுக்கவேண்டும் என்னும் கட்டாயத்தையே நீக்கக் கருதியது. இருக்கைக்குத் தகுதி திறமையே என்றது. பெற்றோரும் ஆட்சிக்குழுவினர் சங்கத்தினரும் மறுத்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே அரசினர் அக்கருத்தைக் கைவிட்டனர். கழகத்தின் தலைமைக் குழுவிலோ, அன்றி ஒவ்வொரு பள்ளியின் உள்ளூர்க் குழுவிலோ, பெற்றோர் இருவரேனும் அமர்தல் வேண்டும் என்னும் விதி நிலைத்தது.