அல்விசோ: தரை இறங்கிய கதை

ரெண்டு மாசமாக வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் ஒரு சம்பளக்காரன் வீடு தேடுகிற அவஸ்தையைத் தனிப் பதிவாகவே எழுதலாம், இப்போது வேண்டாம். பட்ஜெட்டுக்குள் வந்த வீடுகளில் ஒன்று சான் ஹோசேயின் வடக்கு ஓரத்தில், அல்விசோவில் இருந்தது. என் ஆபீசிலிருந்து பத்து நிமிஷம். பக்கத்து மில்பிடாஸ் விலையோடு ஒப்பிட்டால் சந்தேகம் வருகிற அளவுக்குக் குறைவு. ஏஜெண்ட் அனுப்பிய பேப்பர்களில் ஒரு வரி இருந்தது: வெள்ள அபாயப் பகுதி, வீட்டுக் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம்.

"இன்ஷூரன்ஸ்தான் இருக்கே, அப்புறம் என்னங்க பயம்?" என்றாள் மனைவி.

எனக்குப் பயத்தைவிடக் குடைச்சல்தான் அதிகம். 237 ஹைவேயில் பன்னிரண்டு வருஷமாகப் போய் வருகிறேன். அந்த எக்ஸிட்டில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. குப்பைக் கிடங்கும் கழிவுநீர் நிலையமும் இருக்கும் பக்கம், காற்று திரும்பினால் கார் கண்ணாடியை ஏற்ற வேண்டியிருக்கும். என் அல்விசோ அறிவு அவ்வளவுதான். அங்கே வளைகுடா ஓரமாக ஒரு சுற்றுச்சூழல் கல்வி மையம் இருப்பதாகத் தெரிந்ததும் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன்.

மையம் இருக்கும் சாலையின் பெயர் கிராண்ட் பூல்வார்ட். பெயரில்தான் கிராண்ட். தண்டவாளத்தைத் தாண்டி, ஒடுங்கிய சாலையில் போனால் கடைசியில் சதுப்பு நிலத்தின் விளிம்பில் கட்டடம் தெரிகிறது. டான் எட்வர்ட்ஸ் தேசிய வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. சரணாலயத்துக்கான சட்டம் 1972-இல் வந்தது. அதற்காகப் பாடுபட்ட நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரை 1995-இல் வைத்தார்கள். உப்பளமாகவும் குப்பைமேடாகவும் போய்க்கொண்டிருந்த கரையை உள்ளூர்க்காரர்கள் போராடி மீட்ட கதை அது. 2003-இல் கார்கில் கம்பெனியிடமிருந்து 15,100 ஏக்கர் உப்பளம் வாங்கப்பட்டது. அந்தப் பாத்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குத் திறந்துவிட்டு மறுபடியும் சதுப்பாக்கும் வேலை இன்றும் நடக்கிறது.

மையத்தில் இருந்த தன்னார்வலர், எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, எலியிலிருந்து ஆரம்பித்தார். இந்த வளைகுடாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சதுப்பு எலி, உப்புத் தண்ணீரைக்கூடக் குடிக்கும். சுவாரஸ்யமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வீட்டு நினைப்பு. "இந்த ஊர் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "தாழ்வாக இருக்கவில்லை, தாழ்ந்துபோனது" என்றார்.

அங்கிருந்துதான் எனக்கு உண்மையான கதை ஆரம்பித்தது.

சிலிக்கான் பள்ளத்தாக்கு என்ற பெயர் வருவதற்கு முன்னால் இது பழத்தோட்டப் பள்ளத்தாக்கு. ஆப்ரிகாட், செர்ரி, உலர்த்தி விற்கும் ப்ரூன் என்று கண்ணுக்கெட்டிய தூரம் மரங்கள். 1850களில் இங்கே குழாய் இறக்கினால் போதும், தண்ணீர் தானாகவே பீறிட்டு வருமாம். அந்த ஊற்றுகளை நம்பித் தோட்டங்கள் பெருகின. அப்புறம் பம்பு வந்தது. ஊற்று இறங்க இறங்கப் பம்பு ஆழம் போனது. 1960களின் நடுவில் சான் ஹோசே நகர மையத்தில் நீர்மட்டம் ஏறக்குறைய 200 அடி ஆழத்தில்.

மண்ணுக்கடியில் மணல் அடுக்கும் களிமண் அடுக்கும் மாறி மாறி இருக்கின்றன. மணல் அடுக்கிலிருந்து நீரை உறிஞ்சினால், பக்கத்துக் களிமண்ணில் இருக்கும் நீரும் மெல்லக் கசிந்து வெளியேறும். தன் துளைகளைத் தாங்கிக்கொண்டிருந்த நீர் போனதும் மேலே உள்ள பாரத்தில் களிமண் நசுங்குகிறது. மழை பெய்து நீர்மட்டம் ஏறினாலும் நசுங்கிய களிமண் பழையபடி உப்பாது. ஊரில் எங்கள் வீட்டுக் கிணறு வற்றிப் போர் போட்டபோது, தண்ணி கீழே போகுதுன்னுதான் எல்லாரும் பேசினோம். தரையும் கூடவே இறங்கலாம்னு யாருக்கும் தோணினதே இல்லை.

இங்கேயும் முதலில் யாருக்கும் தோன்றவில்லை. 1912-இல் சான் ஹோசேயில் உயரம் குறித்து வைத்த அளவுக்கற்களை, இருபது வருஷம் கழித்து மறுபடி அளந்தார்கள். சுமார் 4 அடி குறைந்திருந்தது. அமெரிக்காவில் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் தரை இறங்கியது என்று முதன்முதலில் கண்டுகொள்ளப்பட்ட இடம் இந்தப் பள்ளத்தாக்குதான். கண்டுகொண்டார்களே தவிர நிற்கவில்லை. வெளியிலிருந்து கால்வாயிலும் குழாயிலும் தண்ணீர் வந்த பிறகு, 1969 வாக்கில்தான் சரிவு அடங்கியது. அதற்குள் நகர மையம் 13 அடி போல இறங்கிவிட்டது.

நகர மையம் மேட்டில் இருந்ததால் 13 அடி இறங்கியும் பிழைத்தது. சில கட்டடங்களில் விரிசல், சில சாக்கடைகளில் ஓட்டம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் கடலுக்கு ஓரமாக, முன்பே தாழ்ந்து இருந்த அல்விசோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே பல அடி இறங்கியதும் ஊரின் சில பகுதிகள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. தண்ணீரை இறைத்தவர்கள் ஒருவர், தண்ணீர் வந்து நின்ற வாசல் இன்னொருவருடையது. இதுதான் என்னை உறுத்தியது.

ஒருகாலத்தில் அல்விசோ துறைமுகம். சான் ஹோசேக்காரர்கள் சான் பிரான்சிஸ்கோ போக இங்கே வந்துதான் நீராவிப் படகு ஏறுவார்கள். 1864-இல் ரயில் வந்ததும் துறைமுகத்தின் மவுசு போயிற்று. 1890 வாக்கில் கடிகாரத் தொழிற்சாலையோடு "நியூ சிகாகோ" என்று ஒரு நகரமே எழுப்பப் பார்த்தார்கள். அது படுத்துவிட்டது. மையத்தின் பக்கத்துச் சதுப்புக்கு இன்றும் அந்தப் பெயர்தான், குடியிருப்பது எலியும் நெட்டைக்கால் உள்ளானும்.

தேறியது ஒரு டப்பா தொழிற்சாலை. தாமஸ் ஃபூன் சூ என்ற சீனக்காரர் நடத்திய பேசைடு கேனரி, ஒரு கட்டத்தில் நாட்டிலேயே மூன்றாவது பெரியது என்கிறார்கள். சீனர்கள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடைச் சட்டம் இருந்த காலத்தில்! பச்சை ஆஸ்பரகஸை டப்பாவில் அடைத்துப் பேர் வாங்கினார். 1931-இல் நாற்பது சொச்சம் வயதில் இறந்தார். சில வருஷங்களில் ஆலையும் மூடியது. கட்டடம் இன்னும் இருக்கிறது.

ஊருக்கு வடகிழக்கே, சதுப்புக்கு நடுவில் ஒரு தீவில் டிராபிரிட்ஜ் என்ற கிராமமும் இருந்தது. 1876-இல் ரயில் கம்பெனி, படகுகளுக்குத் திறந்து மூடும் பாலங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்ததில் ஆரம்பம். வாத்து வேட்டைக்காரர்கள் வந்து குடிசை போட்டார்கள். சாலை கிடையாது, தண்டவாளம்தான் வழி. தரை இறங்கியது, சான் ஹோசே விட்ட சாக்கடை வந்தது, வாத்து போனது, ஆட்களும் போனார்கள். ஆட்கள் குடியிருக்கும்போதே செய்தித்தாள்கள் "பேய் ஊர்" என்று எழுத, திருடர்கள் கதவை உடைக்க வந்தார்களாம். கடைசி மனிதர் 1979-இல் கிளம்பினார். வீடுகள் சேற்றில் அமிழ்ந்துகொண்டிருக்கின்றன. உள்ளே போக அனுமதி இல்லை, ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

அல்விசோ 1968-இல் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் சான் ஹோசேயோடு சேர்ந்தது. நல்ல சாலை, வடிகால், வெள்ளப் பாதுகாப்பு எல்லாம் வரும் என்று சேர்ந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். 1983-இல் கயோட்டி க்ரீக் பொங்கி ஊரை மூழ்கடித்தது. கிண்ணம் மாதிரி ஆகிவிட்ட ஊர், உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியே போகாது. மக்களை வெளியேற்றிவிட்டுப் பம்பு வைத்து இறைத்தார்கள். தரையைத் தாழ்த்தியதும் பம்புதான், இப்போது ஊரைக் காப்பதும் பம்புதான்.

வெளியே வந்து கரைமேல் ஏறி நடந்தேன். வலது பக்கம் குளத்துத் தண்ணீர், இடது பக்கம் ஊர். நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். தண்ணீர் மேலே இருந்தது, தெரு கீழே. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இப்போது வளைகுடா ஓரமாக நாலு மைல் நீளத்துக்கு 15 அடி உயரப் புதுக் கரை எழுப்புகிறார்கள். கடல்மட்டம் உயர்வதையும் கணக்கில் எடுத்துத்தான்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். "அப்போ வேணாம்கிறீங்களா?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஏஜெண்டும் பேப்பர் அனுப்பி யோசிக்க நேரம் கொடுத்ததில்லை.

ஏஜெண்டிடம் வீட்டின் உயரச் சான்றிதழைக் கேட்டேன். மறுநாளே அனுப்பினார். தரைத்தளத்துக்கு ஒரு எண் இருந்தது, பார்க்கத் தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே உயரம் சொல்ல ரெண்டு கணக்கு உண்டு, 1929-இல் வகுத்தது ஒன்று, 1988-இல் வகுத்தது இன்னொன்று. இந்தப் பக்கத்தில் ரெண்டுக்கும் சுமார் 2.7 அடி வித்தியாசம். ஸ்கேன் செய்ததில் அந்தக் கட்டம் மட்டும் மங்கியிருந்தது. எந்தக் கணக்கு என்று கேட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.