இடம் மாறும் காட்சிசாலைகள்

நகரம் வளர வளர, அரசாங்கக் காரியாலயங்கள் பழைய கட்டடங்களை விட்டுப் புதிய இடங்களுக்குச் செல்வது இயல்பே. அவ்வாறு செல்லுங்கால் உடன் செல்வன எவை, பின்தங்கி அழிவன எவை என்பதைச் சரித்திரத்தில் பற்றுடையோர் கவனித்தல் வேண்டும். இதற்குத் தாயகத் தலைநகராம் சென்னை ஓர் உதாரணம். நாம் வாழும் ஹைதராபாத் மற்றோர் உதாரணம்.

சென்னை எழும்பூரில் அருணகிரி முதலியார் என்னும் செல்வருக்கு உரிய மாளிகையொன்று இருந்தது. 1842-ஆம் ஆண்டில் போலீஸார் அதனை மாதம் 165 ரூபாய் வாடகைக்கு அமர்த்தினர். பின்னர் 21,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கினர். இராஜதானியின் போலீஸ் இலாகாவைச் சீரமைத்த 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தினும் மூத்தது அக்கட்டடத்தின் காவல் தொடர்பு. 2013-இல் கமிஷனர் காரியாலயம் வேப்பேரிக்குக் குடியேறியது. வெறுமையாய் நின்ற மாளிகையைச் செப்பனிட்டுப் போலீஸ் காட்சிசாலையாக்கினர். 2021 செப்டம்பர் 28-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதனைத் திறந்து வைத்தார். பழைய ஆயுதங்களும் சீருடைகளும் பதக்கங்களும் இன்று அங்கே காட்சிக்கு உள்ளன. காரியாலயம் பெயர்ந்தது, அதன் வரலாறோ வாழ்ந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

நம் நகரத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மூன்றாம் ஸாலார் ஜங் மீர் யூசுப் அலிகான் 1949-இல் மறைந்தபின், அவர் சேர்த்த அரும்பொருள்களை அவரது இல்லமாகிய திவான் தேவ்டியிலேயே காட்சிக்கு வைத்தனர். 1951 டிசம்பர் 16-ஆம் நாள் பண்டித நேரு அதனைத் திறந்து வைத்தார். 1961-இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தினால் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக்கிற்று. 1968-இல் பொருள்கள் யாவும் மூசி நதியின் தென்கரையில் எழுந்த புதிய கட்டடத்திற்கு வந்து சேர்ந்தன. பொதுமக்கள் வசதியாகக் கண்டு களிக்க அம்மாற்றம் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய தேவ்டி நிலைக்கவில்லை. அவ்விடம் இன்று ஜவுளி வியாபாரம் மிகுந்த கடைவீதியாகிவிட்டது.

முகத்திரை அணிந்த ரெபெக்காவின் பளிங்குச் சிலையை எந்த மண்டபத்தில் வைத்தாலும் கண்டவர் வியப்பர். அதன் அழகே அதற்குச் சாட்சி. ஒரு கான்ஸ்டேபிளின் இடைவாருக்கும், தேய்ந்த கைவிலங்குக்கும், ஸ்டேஷன் பதிவேட்டுக்கும் அத்தகைய அழகு ஏது? யார், எங்கே, எப்பொழுது வழங்கியது என்னும் குறிப்பே அவற்றின் உயிர். குறிப்பு தவறிப்போனால், அவை பழைய இரும்பும் பழைய காகிதமுமே. ஆகவே சிறிய காட்சிசாலைகள் இடம் மாறுவதில்தான் பெரிய எச்சரிக்கை தேவைப்படுகிறது.

பெயர்கள் கூட இவ்வாறு துணையின்றிப் பயணம் செய்வதுண்டு. இந்நகரின் காவல் அதிகாரிக்கு நிஜாம் காலத்தில் கொத்தவால் என்று பெயர். 1920-இல் அப்பதவியேற்ற ராஜா பகதூர் வெங்கடராம ரெட்டியாரை ரெட்டி விடுதியின் மூலம் இன்றும் பலர் அறிவர். அதே சொல்தான் சென்னைக் கொத்தவால் சாவடியிலும் வழங்குகிறது. அங்கிருந்த காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குச் சென்றது. பெயரில் மறைந்திருக்கும் காவல் சரித்திரத்தை இன்று எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

எனவே இடம் மாற்றுவோர் செய்யத்தக்கவை மூன்று. பெயர்க்குமுன் ஒவ்வோர் அறையையும் பொருள்கள் இருந்தவாறே படமெடுத்தல் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, அதன் வரலாற்றைப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். ஓய்வுபெற்ற ஊழியர்கள் நம்மிடையே உள்ளபோதே அவர்கள் நினைவில் உள்ளவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். இவற்றிற்குச் செலவு சிறிது, பொறுமையே பெரிது.

ஊர் விட்டு ஊர் வந்து, வீடு விட்டு வீடு மாறிய நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. பெயர் எழுதாத பழைய புகைப்படங்கள் நம் பெட்டிகளிலும் உள்ளன. அவற்றிலுள்ளோரை அடையாளங் காட்டவல்ல பெரியோர் இல்லத்தில் இருக்கும்போதே, படத்தின் பின்புறம் இரண்டு வரி எழுதிவைப்போமாக. சரித்திரத்தைக் காக்கும் பணி அங்கேயே தொடங்கிவிடும்.