விரைவு எச்ஐவி பரிசோதனையும் குடும்ப மருத்துவர்களும்

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் எச்ஐவி தொற்றை அறிய உதவுவது விரைவுப் பரிசோதனை. இதைத் தம்மிடம் வருவோருக்குக் குடும்ப மருத்துவர்கள் தாமே முன்வந்து செய்கிறார்களா, தயங்குகிறார்களா என்பது பிரிட்டனிலும் பிரான்சிலும் பல ஆண்டுகளாக ஆராயப்படும் கேள்வி. தொற்று இருப்பதே தெரியாமல் வாழும் ஒருவர் பாலியல் நோய் மருத்துவமனைப் பக்கம் போகாமல் இருக்கலாம். காய்ச்சலுக்கும் தோல் அரிப்புக்கும் குடும்ப மருத்துவரிடம் வந்தே தீருவார். முதல் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது. அங்கேதான் நழுவியும் போகிறது.

கருவி சிக்கலானதன்று. ‘இன்ஸ்டி’ வகைப் பரிசோதனையில் ரத்தம் கலந்த திரவத்தையும் வேறு இரண்டு திரவங்களையும் சிறு வட்டச் சவ்வின்மேல் அடுத்தடுத்து ஊற்றினால் போதும். ஒரு நீலப் புள்ளி மட்டும் தெரிந்தால் எதிர்ப்பொருள் இல்லை. இரண்டு தெரிந்தால் ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனாலும் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். பிரிட்டனில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 நிமிடம். சளிக்கு வந்தவரிடம் திடீரென்று எச்ஐவி பற்றிப் பேசினால் தன்னைச் சந்தேகிக்கிறார் என்று எண்ணிவிடுவாரோ என்ற கூச்சம் ஒருபுறம். நீண்ட கவுன்சலிங் கொடுத்த பிறகே பரிசோதிக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கை மறுபுறம். அந்த நம்பிக்கைக்கு 2008ஆம் ஆண்டின் பிரிட்டன் தேசிய வழிகாட்டுதலே முற்றுப்புள்ளி வைத்தது: நோயாளியின் சம்மதம் தேவை, நீண்ட ஆலோசனை தேவையில்லை, எந்த மருத்துவரும் செவிலியரும் அந்தச் சம்மதத்தைப் பெறலாம். காப்பீடு கிடைக்காமல் போகும் என்ற அச்சமும் காலாவதியானது. பரிசோதனை செய்துகொண்டதையோ தொற்று இல்லை என்ற முடிவையோ கேட்கக்கூடாது என்று அந்நாட்டுக் காப்பீட்டாளர் சங்கம் 1994இலேயே அறிவுறுத்திவிட்டது.

ஒரு தயக்கத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. ஆயிரத்தில் இருவருக்குத் தொற்று உள்ள பகுதியில், தொற்றில்லாதவர்களை 99.5 விழுக்காடு சரியாகக் காட்டும் கருவியால் 1,000 பேரைப் பரிசோதித்தால், உண்மையான இருவரோடு தொற்றே இல்லாத ஏறத்தாழ 5 பேரையும் அது சுட்டிக்காட்டும். உறுதியான முடிவு வரும்வரை அவர்கள் படும் மன உளைச்சலுக்கு மருத்துவர்தான் முகம்கொடுக்க வேண்டும். அதற்கான பயிற்சியை அவர் கேட்பது நியாயமே.

தயக்கம் கலையும் என்பதற்கு வலுவான சான்று லண்டனின் ஹாக்னி பகுதியிலிருந்து வந்தது. 2010 முதல் 2012 வரை குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள 40 மருத்துவ நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து, புதிதாகப் பதிவுசெய்யும் பெரியவர்கள் அனைவருக்கும் விரைவுப் பரிசோதனையை வழங்கச் செய்தார்கள். புதிதாகப் பதிவானவர் என்பதே காரணம் என்பதால், ‘என்னை மட்டும் ஏன்?’ என்று கேட்க எவருக்கும் இடமில்லை. இந்த நிலையங்களில் 32 பேருக்குப் புதிதாகத் தொற்று கண்டறியப்பட்டது. மறுபாதியில் 14 பேருக்கு. நோய் எதிர்ப்பு ஆற்றலின் அளவுகோலான சிடி4 எண்ணிக்கை முதல் பிரிவில் சராசரி 356, அடுத்ததில் 270. 350க்குக் கீழே போனால் காலம் கடந்த கண்டறிதல் என்பது மருத்துவக் கணக்கு. 2015இல் வெளியான இந்த முடிவுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த 32 பேரில் பலரைக் காட்டிக்கொடுத்தது விரைவுக் கருவி அன்று, மருத்துவர்கள் எழுதித்தந்த வழக்கமான ரத்தப் பரிசோதனை. பயிற்சி பெற்றவர்கள் எச்ஐவியை நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். கருவியைவிட அந்த விழிப்புதான் பெரிய ஆதாயம்.

பிரான்ஸ் 2009இல் 15 முதல் 70 வயது வரை எல்லோருக்கும் பரிசோதனையைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே விரைவுப் பரிசோதனைக்கு அனுமதி தந்தது. ஆனால் ஆய்வகத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதே அங்குள்ள மருத்துவர்களுக்குச் சுலபமாகப் பட்டது. 2022 ஜனவரி முதல் சீட்டே இல்லாமல் ஆய்வகத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ள அரசு வழிசெய்தது.

இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்படி, 15 முதல் 59 வயதுக்குள் ஆயிரத்தில் இருவருக்கு மேல் தொற்றுள்ள பகுதிகளில், புதிதாகப் பதிவுசெய்யும் ஒவ்வொருவருக்கும் குடும்ப மருத்துவர் எச்ஐவி பரிசோதனையைப் பரிந்துரைக்க வேண்டும். ஐவரைத் தாண்டிய பகுதிகளில் ஒவ்வொரு சந்திப்பிலும் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.